ஏஜென்டுக்குப் புரியும்படி காம்போனன்ட் ரெஜிஸ்ட்ரிக்கு ஆவணம் எழுதுவது

காம்போனன்ட் ரெஜிஸ்ட்ரி (பட்டன், ஃபார்ம் போன்ற திரைக் கூறுகளைப் பிற ப்ராஜெக்டுகள் எடுத்துக்கொள்ளும் தொகுப்பு) வைத்திருக்கும் குழுக்கள் ஆவணத்தைப் பெரும்பாலும் தனி இணையதளத்தில் எழுதி வைக்கின்றன. மனிதர் அங்கே போய்ப் படிப்பார். கோட் எழுதும் ஏஐ ஏஜென்ட் கண்ணில் முதலில் படுவதோ ரெஜிஸ்ட்ரி பதிலாகத் தரும் ஜேசன் என்ற தரவுக் கோப்புதான். பல நேரம் அதைத் தாண்டி அது போவதே இல்லை. எனவே எழுத வேண்டியதை அந்த ஜேசனுக்குள்ளேயே எழுதுங்கள். இங்கே சொல்வது ஷாட்சிஎன் (shadcn) என்ற காம்போனன்ட் கருவியின் ரெஜிஸ்ட்ரி அமைப்பை வைத்து. அதில் காம்போனன்ட் என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களின் பொதுக் கிடங்கு) பேக்கேஜாக வருவதில்லை, சோர்ஸ் கோப்பே பயனரின் ப்ராஜெக்டுக்குள் நகலாகிறது. அது ஆவணத்துக்கும் எவ்வளவு வசதி என்பது பின்னால் தெரியும்.

முதலில் முகவரி

ரெஜிஸ்ட்ரி.ஜேசன் என்ற அட்டவணைக் கோப்பில் ஒவ்வோர் உருப்படிக்கும் பெயர், வகை, தலைப்பு, விவரம், கோப்புப் பட்டியல் இருக்கும். ‘ஷாட்சிஎன் பில்ட்’ கட்டளையை ஓட்டினால் பப்ளிக் ஃபோல்டருக்குள் ‘ஆர்’ என்ற ஃபோல்டரில் உருப்படிக்கு ஒரு ஜேசன் கோப்பு உருவாகும். 2025 ஆகஸ்டில் வந்த 3.0 பதிப்பிலிருந்து, பயனர் தன் ப்ராஜெக்டின் அமைப்புக் கோப்பான காம்போனன்ட்ஸ்.ஜேசனில் @ குறியோடு ஒரு பெயரை உங்கள் முகவரிக்குக் கொடுத்துக்கொள்ளலாம். எம்சிபி சர்வர் (ஏஜென்டை ரெஜிஸ்ட்ரியோடு இணைக்கும் நிரல்) அதே முகவரி அமைப்பில் ‘ரெஜிஸ்ட்ரி’ என்ற பெயரில் அட்டவணையைத் தேடும். மற்ற ஜேசன்களுக்குப் பக்கத்தில் அதுவும் இருக்கிறதா என்று பிரவுசரில் திறந்து பாருங்கள். இல்லையென்றால், பெயர் சொல்லிக் கேட்ட காம்போனன்ட் ஒழுங்காக இன்ஸ்டால் ஆகும், ஆனால் “என்னென்ன இருக்கிறது?” என்றால் ஏஜென்ட் கையை விரிக்கும்.

விவரம்: பாதி வேலை இங்கேதான்

தேடல் பார்ப்பது பெயரையும் விவரத்தையும். ஏஜென்ட் தேர்ந்தெடுப்பதும் பெரும்பாலும் இவற்றை வைத்துத்தான். “நவீனமான, அழகான டேட் பிக்கர்” என்பது விளம்பரம். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இப்படி எழுதலாம்:

“தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டையும் வாங்கும் ஃபார்ம் புலம். ஒரே தேதி போதுமென்றால் டேட்-ஃபீல்டை எடுக்கவும். மணி, நிமிடம் இதில் இல்லை, டைம்சோனை மாற்றாது.”

நடு வாக்கியம்தான் அதிகம் உதவும். ஒரே மாதிரி இரண்டு காம்போனன்ட் இருந்தால் ஏஜென்ட் முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போய்விடும். கடைசி வாக்கியம் இல்லாவிட்டால், இல்லாத ‘ஷோடைம்’ ப்ராப்பை (காம்போனன்டுக்குக் கொடுக்கும் அமைப்பு மதிப்பு) அதுவே கற்பனை செய்து எழுதும்.

தேடல் எழுத்துகளை ஒப்பிடுகிறதே தவிர அர்த்தத்தை அல்ல. பயனர் ‘காலண்டர்’ என்றும் கேட்பார், ‘பீரியட்’ என்றும் கேட்பார். அந்தச் சொற்களை விவரத்தில் ஒருமுறையாவது இயல்பாகக் கொண்டுவாருங்கள். குழுவுக்குள் மட்டும் புழங்கும் செல்லப்பெயர் வேண்டாம்.

டிபென்டன்சியில் ஒளிந்திருக்கும் பொறி

ஓர் உருப்படிக்குத் தேவையான பிற உருப்படிகளைக் குறிக்கும் ரெஜிஸ்ட்ரி டிபென்டன்சிஸ் புலத்தில் வெறுமனே ‘பட்டன்’ என்று எழுதினால் உங்கள் பட்டன் வராது. ஷாட்சிஎன்னின் சொந்த பட்டன் வந்து உட்காரும். இன்ஸ்டால் செய்யும்போது பிழை எதுவும் காட்டாது. உங்கள் பட்டனில் மட்டும் உள்ள ‘லோடிங்’ ப்ராப் இதில் இல்லாததால் டைப்ஸ்கிரிப்ட் பிழை என்று கத்தும். உடனே ஏஜென்ட் பட்டன் கோப்பைத் திறந்து, தானாகவே ஒரு ‘லோடிங்’ எழுதிச் சேர்த்துவிடும். அதன் பிறகு அந்த ப்ராஜெக்டில் இருப்பது யாருடைய பட்டனும் இல்லை. உங்கள் உருப்படிகளை எப்போதும் @ பெயரோடு அல்லது முழு முகவரியோடு குறியுங்கள். என்பிஎம் பேக்கேஜ்களுக்குப் பதிப்பு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். எண் இல்லையென்றால் அன்றைக்குள்ள புதிய பதிப்பு வரும், நீங்கள் கொடுத்த எடுத்துக்காட்டு ஒருநாள் ஓடாமல் நிற்கும்.

இன்ஸ்டால் ஆனபின் செய்ய வேண்டியவை

‘டாக்ஸ்’ என்ற புலத்தில் எழுதுவது இன்ஸ்டால் முடிந்ததும் டெர்மினலில் தெரியும். கையால் செய்ய வேண்டியவற்றுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். “தேவைப்பட்டால் ப்ரொவைடரைச் (உள்ளிருக்கும் காம்போனன்டுகளுக்குத் தரவு தரும் உறை) சேர்க்கலாம்” என்று எழுதினால் ஏஜென்ட் சேர்க்காமல் தாண்டிப் போக வழிவிடுகிறீர்கள். “ஆப் ஃபோல்டரின் லேஅவுட் கோப்பில், பாடிக்குள் சில்ட்ரனைச் சுற்றி டோஸ்ட்-ப்ரொவைடரை வைக்கவும். வைக்காவிட்டால் ‘கான்டெக்ஸ்ட் நல்’ என்று பிழை வரும்” என்று கோப்போடு, வரப்போகும் பிழையோடு எழுதுங்கள். பிழைச் செய்தியை அச்சு அசலாகக் கொடுத்தால், பின்னால் அது வரும்போது ஏஜென்ட் காரணத்தைச் சட்டென்று பிடித்துவிடும்.

டெர்மினலில் வந்தது அந்த செஷனோடு போய்விடும். ஆறு மாதம் கழித்து வேறொரு ஏஜென்ட் திறக்கும்போது கையில் இருப்பது நகலான கோப்பு மட்டுமே. அதனால் ஒவ்வொரு ப்ராப்புக்கும் மேலே கமென்ட் எழுதுங்கள். ‘உயரம்’ என்று மட்டும் போட்டால் பயனில்லை, “பிக்சலில், கொடுக்காவிட்டால் 320, சதவீதம் ஏற்காது” என்றிருக்க வேண்டும். பில்ட் கட்டளை கோப்பின் உள்ளடக்கத்தை அப்படியே ஜேசனில் வைப்பதால் கமென்டும் கூடவே போகும். இதோடு, காம்போனன்ட் பெயருடன் ‘-டெமோ’ சேர்த்து ஓடக்கூடிய சிறு எடுத்துக்காட்டு உருப்படி ஒன்றும் வையுங்கள். எம்சிபி வழியாக எடுத்துக்காட்டு தேடும் ஏஜென்ட் இந்த மாதிரிப் பெயரைத்தான் தேடிப் பார்க்கும்.

சோதனை

காலி நெக்ஸ்ட்.ஜேஎஸ் ப்ராஜெக்ட் ஒன்றில் ஐந்து வேலைகளை ஏஜென்டிடம் கொடுங்கள். காம்போனன்ட் பெயரை வாயால் சொல்லக் கூடாது. “விடுப்பு விண்ணப்ப ஃபார்ம் வேண்டும்” என்பது போல் கேளுங்கள். எந்த உருப்படியை எடுத்தது, நகலான கோப்பில் கைவைத்ததா என்று கிட் டிஃப்பில் (கோப்புகளில் மாறியதைக் காட்டும் பட்டியல்) பாருங்கள். தவறானதை எடுத்திருந்தால் விவரத்தைத் திருத்துங்கள். கோப்பை மாற்றியிருந்தால் ப்ராப் கமென்டையோ டிபென்டன்சியையோ பாருங்கள். திருத்தியும் பலனில்லை என்றால் சிடிஎன் (கோப்பின் நகலை வைத்திருந்து தரும் இடைச் சர்வர்) பழைய ஜேசனையே தந்துகொண்டிருக்கலாம்.

ஏற்கெனவே அதே பெயரில் கோப்பு இருந்தால் இன்ஸ்டால் செய்யும் ‘ஆட்’ கட்டளை மேலெழுதலாமா என்று கேட்டு நிற்கும். பதில் சொல்ல ஆளில்லாமல் ஏஜென்டின் டெர்மினலும் அங்கேயே நிற்கும். ஓவர்ரைட் ஃபிளாகைப் போட்டுக் கட்டளையை எழுதிக் கொடுக்கலாம். ஆனால் அது பயனர் செய்த திருத்தங்களை அழித்துவிடும். ஆகவே அதற்கு முந்தைய வரியிலேயே கிட்டில் கமிட் செய்யச் சொல்லிவிடுங்கள்.