பரணில் கிடக்கும் பழைய கிட்டாருக்குச் செலவு செய்யலாமா?

சர்ச் கொயரில் வாசிக்க வாங்கிய கிட்டார், பிள்ளை வெளியூருக்குப் படிக்கப் போனதும் பரணில் ஏறிவிடும். நாகர்கோவிலில் எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. போன ஆடியில் இறக்கிப் பார்த்தால், மெல்லிய கம்பி இரண்டும் துரு, மற்ற நான்கும் களிம்பு.

காசை எடுக்கும் முன் கிட்டாரைப் பாருங்கள். பிரிட்ஜுக்கு, அதாவது உடலில் கம்பிகளைக் கட்டியிருக்கும் மரக்கட்டைக்கு, பின்னால் ஒரு தாளைச் செருகுங்கள். உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. அப்புறம் கழுத்தை நீளவாக்கில் ஒற்றைக் கண்ணால் பாருங்கள். முறுக்கிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள், கூலி கிட்டார் விலையைத் தாண்டும். லேசாக வளைந்திருந்தால் கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற இரும்புத் தண்டைக் கால் சுற்று முடுக்கலாம். பழைய மலிவு கிட்டார்கள் பலவற்றில் அது இருக்காது.

கிட்டார் நடுவிலுள்ள ஓட்டையின் விளிம்பையும் கவனியுங்கள். அடுக்கடுக்காகத் தெரிந்தால் மேல்பலகை பிளைவுட். என்ன மாற்றினாலும் அது பிளைவுட்டாகத்தான் ஒலிக்கும். நாம் செலவழிப்பது விரல் வலிக்காமல் வாசிக்க மட்டுமே.

அதற்கு முக்கியம் ஆக்‌ஷன், அதாவது கம்பியின் உயரம். சுருதி சேர்த்துவிட்டு 12-ஆவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்காகப் பதித்திருக்கும் உலோகப் பட்டை) ஸ்கேலை வைத்து அளக்க வேண்டும். தடித்த கம்பிக்கு 2.5 மி.மீ., மெல்லியதற்கு 2 மி.மீ. இருந்தால் சுகம். எனக்குத் தடித்த கம்பிக்கு 4.5 வந்தது. 12-ஆவது ஃப்ரெட் கம்பியின் நடுவில் இருப்பதால், அங்கே 1 மி.மீ. இறங்க சேடிலில் (பிரிட்ஜில் கம்பிகள் ஏறி நிற்கும் சிறு பட்டை) 2 மி.மீ. தேய்க்க வேண்டும். ஆக 4 மி.மீ. என்று கணக்குப் போட்டு, டீப்பாய்க் கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து, சேடிலின் அடிப்பக்கத்தை ஒரே மூச்சில் தேய்த்தேன். கம்பியை மாட்டினால் எங்கே பிடித்தாலும் 'கர்ர்'. ஃப்ரெட்டின் தலையிலிருந்து அளக்காமல் மரப்பலகையிலிருந்து அளந்திருக்கிறேன்! ஃப்ரெட்டின் உயரமான 1 மி.மீ.-ஐக் கழித்தால், உண்மையில் 2 மி.மீ. தேய்த்திருந்தால் போதும். நீங்கள் பென்சிலால் கோடு போட்டு, அரை அரை மில்லிமீட்டராகத் தேய்த்து, மாட்டிப் பார்த்துப் பாருங்கள். அடி சமமாக இருக்கட்டும்.

அந்தப் பிழையால் எலும்புச் சேடில் வாங்கினேன். பிளாஸ்டிக்கைவிட ஒலி கொஞ்சம் தெளிவுதான், குறை சொல்ல மாட்டேன்.

கம்பி 12 கேஜ் (தடிமன்) வேண்டாம். 10 அல்லது 11 வாங்குங்கள், விரலுக்கும் பழைய பிரிட்ஜுக்கும் இழுப்பு குறையும். கழற்றியிருக்கும்போதே ஃப்ரெட் பலகையைத் துடைத்துவிடுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவினால் பிசுக்குப் பிடிக்கும். சுருதி கூட்டும் கீ இறுகலாகச் சுற்றினால் ஒரு சொட்டு மெஷின் ஆயில். ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப் எல்லாம் இதற்கு வீண்.

கம்பியும் சேடிலும் சேர்த்து ஆயிரம் ரூபாயைத் தாண்டவில்லை. அதற்கு மேல் கேட்டால் அந்தக் காசைப் புதுக் கிட்டாருக்குச் சேர்த்து வைப்பேன்.

குளச்சல், முட்டம் பக்கம் இருப்பவர்கள் வாசித்து முடித்ததும் கம்பியைத் துணியால் துடையுங்கள். உப்புக் காற்றுக்குப் புதுக் கம்பியும் ஒன்றுதான். புதுக் கம்பி இரண்டு மூன்று நாள் இழுத்துக்கொண்டே இருக்கும். சனிக்கிழமை ராத்திரி மாட்டிவிட்டு ஞாயிறு ஆராதனைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பாட்டு நடுவே சுருதி இறங்கும். வியாழனே மாட்டிவிடுங்கள்.