‘ஆசிரியர் இல்லை’ என்று மட்டும் எழுதினால் ஆசிரியர் வரமாட்டார்

தத்தளிக்கும் அரசுப் பள்ளி ஒன்று உதவி கேட்க முறையான வழி, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் பள்ளி மேம்பாட்டுத் திட்டமும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21, 22ஆம் பிரிவுகள் இவற்றுக்கு இடம் தருகின்றன. புதிதாகப் பொறுப்பேற்கும் தலைமையாசிரியர்களும் குழுத் தலைவர்களும் நாங்கள் அன்று சறுக்கிய இடங்களிலேயே இன்றும் சறுக்குகிறார்கள். கையெழுத்து விட்டுப்போவது, தேதி மாறுவது போன்றவற்றை அடுத்த கூட்டத்தில் சரிசெய்துகொள்ளலாம். அவற்றை விடுவோம்.

காலியிடம் வேறு, கூடுதல் பணியிடம் வேறு

எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சல் இதுதான். 64 பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதிக்கப்பட்ட பணியிடம் 2, இருவரும் பணியில் இருக்கிறார்கள். ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் சமாளிக்க முடியாமல், ‘ஆசிரியர் காலியிடத்தை நிரப்புக’ என்று குழு தீர்மானம் போடுகிறது. அலுவலகப் பட்டியலில் காலியிடம் பூஜ்யம். ‘காலிப்பணியிடம் இல்லை’ என்ற ஒற்றை வரியோடு கோப்பு முடிகிறது. பதில் எழுதியவர் மேல் பிழை சொல்லவும் முடியாது, கேட்டதற்குத்தானே பதில்?

கேட்டிருக்க வேண்டியது கூடுதல் பணியிடம். சட்டத்தின் அட்டவணைப்படி 60 பேர் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3. ஆகவே தீர்மானத்தில் நான்கு எண்கள் வேண்டும்: ஆகஸ்ட் 1 நிலவரப்படி மாணவர் 64, அனுமதிக்கப்பட்ட பணியிடம் 2, தகுதியுள்ள பணியிடம் 3, குறைவு 1. வருகைப் பதிவேட்டின் நகலை இணையுங்கள்.

ஆகஸ்ட் 1 என்பது விளையாட்டல்ல. தமிழ்நாட்டில் அன்றைய எண்ணிக்கையை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம். ஜூலையில் சேர்ந்த பிள்ளையைப் பழைய பள்ளி எமிஸில் (கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேட்டில்) விடுவிக்காவிட்டால், அது உங்கள் கணக்கில் ஏறாது. வகுப்பில் 64 தலை, திரையில் 60. மூன்றாம் ஆசிரியருக்கான தகுதி அங்கேயே போய்விடும். ஓர் ஆண்டு வீணாகும். அதற்குள் பொறுமை இழந்த பெற்றோர் நான்கைந்து பேர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டால், அடுத்த ஆகஸ்டில் கேட்கவும் வழியிருக்காது.

மாற்றுப்பணியையும் பாருங்கள். உங்கள் ஆசிரியர் வேறு பள்ளியில் பாடம் நடத்துவார், சம்பளம் உங்கள் பள்ளிப் பணியிடத்திலேயே போகும். காகிதத்தில் இடம் நிரம்பியிருக்கும். அப்போது எழுத வேண்டியது ‘மாற்றுப்பணியை ரத்து செய்க’ என்பதே. எந்தத் தேதியிலிருந்து, எந்த உத்தரவின்படி என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கட்டடத்துக்குக் கல்வி அலுவலகத்தை மட்டும் நம்புவது

ஊராட்சி ஒன்றியப் பள்ளியா? கட்டடம் ஒன்றியத்தின் பொறுப்பு. மனு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கு.

மானியத்தை முழுக்கப் பெயின்ட்டுக்குக் கொட்டுவது

பள்ளி மானியத்தில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு. தணிக்கையில் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

மார்ச்சில் திட்டம் எழுதுவது

பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2010 மத்திய விதிகள் சொல்வது மூன்றாண்டுத் திட்டம், அதற்குள் ஆண்டுக்கு ஒன்றாக மூன்று துணைத் திட்டங்கள். நிதியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே, அதாவது டிசம்பருக்குள், கையில் இருக்க வேண்டும். வகுப்புவாரி மாணவர் மதிப்பீடும் அதில் உண்டு. போன ஆண்டு எண்ணோடு பத்தைக் கூட்டிப் போடும் வழக்கம் வேண்டாம். முதல் வகுப்புக்கு யார் யார் வருவார்கள் என்பது அங்கன்வாடிப் பதிவேட்டிலேயே பெயரோடு இருக்கிறது. அதை வாங்கி எண்ணுங்கள்.