விண்டோஸ் 11க்கு மாறும் முயற்சி தோற்றால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டதால், வீட்டுக் கணினிகள் பலவும் விண்டோஸ் 11க்கு மாற்றப்பட்டு வருகின்றன. அப்போது நிறுவல் பாதியில் நின்று, கணினி தானாகவே சிலமுறை அணைந்து எழுந்து, கடைசியில் பழைய விண்டோஸ் 10 திரையே வந்து நிற்பதுண்டு. இதைக் கண்டு பதற வேண்டியதில்லை. நிறுவல் தோற்றால் பழைய நிலைக்குத் திரும்பும்படிதான் அந்த ஏற்பாடு அமைக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் அதற்குப் பின் நாம் அவசரப்பட்டுச் செய்பவைதான் கோப்புகளுக்கு ஆபத்தாக முடிகின்றன.

பிழைக் குறியீட்டைப் படிக்காமலே மூடிவிட்டு, மறுபடியும் அதே பொத்தானை அழுத்துவதுதான் பரவலாகக் காணப்படும் தவறு. அந்தக் குறியீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது 80070070 என்று முடிந்தால் டிரைவில் இடம் போதவில்லை. 1900208 என்றால் ஒத்துவராத மென்பொருள் ஏதோ தடுக்கிறது. 1900200 என்றால் கணினியே குறைந்தபட்சத் தகுதியை எட்டவில்லை. அடிக்கடி வருவது 1900101. இது பெரும்பாலும் டிரைவர், அதாவது கணினியின் பாகங்களை இயக்கும் சிறு மென்பொருள், கோளாறானதைச் சுட்டும் பொதுக் குறியீடு என்பதால், அதை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்ய இயலாது. அதை அடுத்து ஒரு சிறு கோட்டுக்குப் பின் 20017, 30018 என்பதுபோல் வரும் இரண்டாவது எண்ணையும் பார்க்க வேண்டும். அந்த எண்ணின் முதல் இலக்கம் 1 என்றால் பழைய விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தபோதும், 2 என்றால் மறுதொடக்கத்துக்குப் பிந்தைய இடைநிலையிலும், 3 என்றால் புதிய விண்டோஸ் முதன்முறை எழுந்தபோதும், 4 என்றால் அதற்கடுத்த இறுதிக் கட்டத்திலும் நிறுவல் தோற்றிருக்கிறது.

இன்னும் துல்லியமான காரணம் வேண்டுமானால், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் செட்டப்டயாக் கருவி நிறுவலின் பதிவுக் கோப்புகளை அலசிச் சொல்லும். ஆனால் இடத்தை மீட்கும் அவசரத்தில் டிஸ்க் கிளீனப் என்ற துப்புரவுக் கருவியில் தற்காலிக விண்டோஸ் நிறுவல் கோப்புகளையும் சேர்த்து அழிப்பவர்கள், அலசுவதற்கிருந்த அந்தப் பதிவுகளையே இழந்துவிடுகிறார்கள். அழிப்பதைக் காரணம் தெரிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

டிரைவர் கோளாறு என்று தெரிந்தும் பிரின்டர், வெப்கேமரா, பென் டிரைவ், வெளி ஹார்டு டிஸ்க் எல்லாம் செருகியபடியே மீண்டும் முயல்வது வீண்வேலை. கீபோர்டு, மவுஸ், திரை தவிர மற்றவற்றைக் கழற்றிவிடுங்கள். தனியாக வாங்கிய ஆன்டிவைரஸை நிறுத்திவைப்பது மட்டும் போதாது. அதன் டிரைவர்கள் உள்ளேயே இருக்கும் என்பதால், அதை முழுமையாக நீக்கிவிட்டுப் பின்னர் மறுபடி போட்டுக்கொள்வதே நல்லது. சதவீதம் நெடுநேரம் நகராவிட்டாலும், டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்வரை பவர் பொத்தானைத் தொடாதீர்கள்.

கணினி எழும் விதத்தைத் தீர்மானிக்கும் பயாஸ் அமைப்பின் மாற்றங்களில்தான் கூடுதல் கவனம் தேவை. நம்பகமான மென்பொருளை மட்டும் எழ விடும் செக்யூர் பூட் வேண்டும் என்பதற்காக, கணினி எழும் பழைய லெகசி முறையைப் புதிய யுஇஎஃப்ஐ ஆக மாற்றியதும் கணினி எழாமல் போனால், ஹார்டு டிஸ்க் பழுதாகிவிட்டது என்று பலர் கருதிவிடுகிறார்கள். யுஇஎஃப்ஐ முறையில் விண்டோஸ் எழ உதவாத பழைய எம்பிஆர் பகுப்பில் டிஸ்க் இருப்பதுதான் வழக்கமான காரணம். அமைப்பைப் பழையபடி வைத்துவிட்டு, விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவியால் பகுப்பை மாற்றிய பிறகே யுஇஎஃப்ஐக்கு வர வேண்டும். டிஸ்க்கைப் பூட்டிப் பாதுகாக்கும் பிட்லாக்கர் இயங்கும் கணினியில், டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லின் அமைப்பைத் தொட்டால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கப்படலாம். அதை முன்கூட்டியே எடுத்து வைக்காமல் பயாஸுக்குள் நுழைவதைத் துணிச்சல் என்று சொல்ல மாட்டேன்.

விண்டோஸ் 11 நிறுவல் கோப்புகள் உள்ள பென் டிரைவிலிருந்து கணினியை எழுப்பி நிறுவுவது அப்கிரேடு ஆகாது. அது புதிதாகப் போடும் முறை. மென்பொருள்கள் அப்படியே இருக்க வேண்டுமானால், விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருக்கும்போதே பென் டிரைவைத் திறந்து செட்டப் கோப்பை இயக்க வேண்டும். எப்படி முயன்றாலும், படங்களையும் ஆவணங்களையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைக்காமல் தொடங்காதீர்கள்.

நிறுவல் வெற்றி பெற்றதும், பழைய விண்டோஸின் கோப்புகள் இருக்கும் விண்டோஸ்.ஓல்டு கோப்புறையை அழிப்பதும் அவசரமே. பழைய பதிப்புக்குத் திரும்ப இயல்பாகக் கிடைப்பது 10 நாள். அதற்குள் பிரின்டர், வைஃபை, தமிழ்த் தட்டச்சு மென்பொருள் என அன்றாடம் பயன்படுபவை ஒவ்வொன்றையும் ஒருமுறை இயக்கிப் பார்த்துவிடுங்கள்.