அரை மாரத்தானுக்கு மலையில் பயிற்சி: லாங் ரன் எவ்வளவு நீளம்?

பந்தயமே 21.1 கிலோமீட்டர். அப்படியென்றால் பயிற்சியில் ஒருமுறையாவது 21 ஓடிப் பார்த்துவிட வேண்டாமா? குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் புதிதாக ஓட வருபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். தேவையில்லை. முதல் அரை மாரத்தானுக்கு, ஞாயிற்றுக்கிழமை லாங் ரன், அதாவது வாரத்தின் மிக நீண்ட ஓட்டம், 16, 17 கிலோமீட்டரைத் தொட்டால் போதும். கால் ஓய்வெடுத்துத் தேறியிருந்தால் மிச்சம் நாலு கிலோமீட்டர் பந்தயத்தன்று கூட்டத்தோடு கூட்டமாக ஓடிவிடும். ஏற்கெனவே சில பந்தயம் முடித்து, வாரம் 50 கி.மீ.க்கு மேல் ஓடுபவர்கள் 18 முதல் 21 வரை போகலாம்.

இது சமவெளிக் கணக்கு. நீலகிரியிலோ பழனி மலையிலோ இதை அப்படியே எடுத்துக்கொண்டால் மூன்றாவது வாரத்திலேயே முட்டி பிடித்துக்கொள்ளும்.

மலைப்பாதை ஓட்டக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிது: ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு கிலோமீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், தொட்டபெட்டா 2,637. அந்த ஏற்றம் மட்டுமே சமவெளியில் நாலு கிலோமீட்டருக்குச் சமம். ஆக, தேயிலைத் தோட்டச் சாலையில் மொத்தம் 300 மீட்டர் ஏறி இறங்கும் 13 கிலோமீட்டர், உடம்புக்கு 16 ஓடியதுதான். ஏற்றத்தை ஜி.பி.எஸ். கைக்கடிகாரமே சொல்லும். கொண்டை ஊசி வளைவிலும் யூகலிப்டஸ் தோப்புக்குள்ளும் அதன் தூரக்கணக்கு கொஞ்சம் பிசகும். மைல்கல்லோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று காற்று. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. அதே மூச்சுக்கு வேகம் குறையத்தான் செய்யும். சென்னையில் ஓடிய வேகத்தை இங்கே துரத்தினால், லாங் ரன் என்பது பந்தயமாகவே மாறிவிடும். லாங் ரன்னில் பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கி ஒற்றைச் சொல்லாக வந்தால் வேகம் அதிகம். செங்குத்தான இடத்தில் நடந்து ஏறுவதில் வெட்கமே வேண்டாம்.

எங்கள் பார்வையில், மலையில் தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பிடிப்பதே சரி. உச்சவரம்பு 2 மணி 15 நிமிடம். மெதுவாக ஓடுபவர்களுக்கு, அதாவது பந்தயத்தை முடிக்க இரண்டே முக்கால் மணி ஆகும் என்பவர்களுக்கு, இரண்டரை மணி. அதற்கு மேல் போனால் தசையில் சேர்த்து வைத்த சர்க்கரை தீர்ந்து, இடுப்பு தொய்ந்து, பாதம் தட்டென்று விழ ஆரம்பிக்கும். அதிலிருந்து மீள நாலைந்து நாள். செவ்வாயும் வியாழனும் ஓட வேண்டிய ஓட்டம் போய்விடும். வாரத்தின் அஸ்திவாரமே அந்த நடுவார ஓட்டங்கள்தான். ஒரே ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஈடாகாது. வாரம் நாலு நாள் ஓடுபவருக்கு, லாங் ரன் வார மொத்தத்தில் பாதியைத் தாண்டக்கூடாது.

நிற்காமல் 8 கி.மீ. ஓட முடிகிறவருக்கு 12 வாரத் திட்டம் போதும். வாரக்கடைசி ஓட்டம், ஏற்றத்தையும் சேர்த்த கணக்கில், மேலே சொன்ன நேர வரம்பைத் தாண்டாமல் இப்படிப் போகட்டும்: 8, 9, 10, மறுபடி 8, பிறகு 11, 12, 14, இறங்கி 10, அப்புறம் 15, 17, பதினோராவது வாரம் 11, பன்னிரண்டாவது வாரம் பந்தயம். நாலாவது, எட்டாவது வாரம் குறைவதைத் தவறவிடாதீர்கள். மூச்சு மூன்று வாரத்தில் பழகிவிடும், தசைநாரும் எலும்பும் பழக மாதக்கணக்காகும். நன்றாக ஓடுகிறோம் என்ற தெம்பில் அந்த வாரத்தையும் ஏற்றுபவர்களுக்குத்தான் கெண்டைக்கால் எலும்பில் வலி வருகிறது.

பந்தயம் டிசம்பர், ஜனவரியில் என்றால் பயிற்சி ஐப்பசி, கார்த்திகை மழையில் மாட்டிக்கொள்ளும். ஒரு ஞாயிறு மழையில் போனால் போகட்டும். அடுத்த வாரம் இரண்டையும் சேர்த்து ஓடாமல், விட்ட தூரத்தை மட்டும் ஓடுங்கள்.

இறக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் அடிபடுவது அங்கேதான். ஊட்டியிலிருந்து குன்னூருக்கு ஓடியே இறங்கிவிட்டு 18 கிலோமீட்டர் முடித்ததாகச் சொல்வார்கள். இறங்குவது கிட்டத்தட்ட 400 மீட்டர். மூச்சே வாங்காது, ஆனால் முன்தொடைத் தசை ஒவ்வோர் அடியிலும் நீண்டபடியே உடம்பின் எடையைத் தாங்குகிறது. அதனால் தசை இழைகள் நுண்ணியதாகக் கிழிபடும். வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளோ மூன்றாம் நாளோ படி இறங்க முடியாது. ஆகவே லாங் ரன்னைக் கீழ்நோக்கித் தொடங்காதீர்கள். முதலில் ஏறி, பிறகு இறங்கும்படி வழியை அமையுங்கள். இறங்கும்போது குட்டையாக, அடிக்கடி காலெடுத்து வையுங்கள். பாதம் உடம்புக்கு நேர் கீழே விழட்டும். காலை முன்னே நீட்டி குதிகாலால் பிரேக் போட்டால் முட்டிதான் வாங்கும். சாலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு முட்டியின் வெளிப்பக்கம் மட்டும் வலிக்கும். இருந்தாலும் பாதுகாப்புதான் முக்கியம்: எதிரே வரும் வண்டி தெரியும்படி வலப்பக்கம் ஓடி, குருட்டு வளைவில் மட்டும் வெளிவட்டத்துக்கு மாறுங்கள். காதில் பாட்டு வேண்டாம்.

பந்தய வேகத்தைப் பழகச் சமதளம் வேண்டும். கொடைக்கானல் ஏரியைச் சுற்றும் சாலை சுமார் 5 கி.மீ.; மூன்று சுற்று 15. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கடைசி மூன்று கிலோமீட்டரை மட்டும் பந்தய வேகத்தில் ஓடுங்கள். சீசனில் எட்டு மணிக்கு மேல் குதிரையும் வாடகை சைக்கிளும் வந்துவிடும், அதற்குள் முடித்துவிடுங்கள். தேயிலைத் தோட்டப் பாதையிலோ வெளிச்சம் நன்றாக வந்த பிறகே இறங்க வேண்டும். கரடியும் காட்டுமாடும் விடியலில் நடமாடும். காட்டுமாடு தனியாக நின்றால் சுற்றிப் போக நினைக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

75 நிமிடத்துக்கு மேல் ஓடினால் சாப்பிட்டே ஆக வேண்டும்: மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. சின்ன மலைவாழைப்பழம், பேரீச்சை, கடலை மிட்டாய் எல்லாம் சரி, கடலை மிட்டாய் மட்டும் கடலையை விட வெல்லம் கூடுதலாக இருப்பதாகப் பார்த்து எடுங்கள். வர்க்கி வேண்டாம், கொழுப்பு வயிற்றில் நிற்கும். குளிரில் தாகம் தெரியாது, வியர்வையும் உடனே காய்ந்துவிடும். ஓடுமுன்னும் பின்னும் எடை பாருங்கள். 60 கிலோ ஆள் 1.2 கிலோவுக்கு மேல் இழந்திருந்தால் தண்ணீர் போதவில்லை.

சென்னையிலோ கோவையிலோ ஓடப் போகிறீர்களென்றால் கடைசிச் சிக்கல் வெயில். குளிரில் பழகிய உடம்பு வெக்கைக்குப் பழகப் பத்துப் பதினாலு நாள் எடுக்கும். அத்தனை நாள் கீழே தங்க முடியாதவர்கள், 15, 17 கி.மீ. ஓட்டங்களில் ஒன்றையாவது மேட்டுப்பாளையத்திலோ வத்தலக்குண்டிலோ ஓடுங்கள். முந்தின நாள் சாயங்கால பஸ்ஸில் இறங்கி, இரவு தங்கி, காலை ஆறு மணிக்குத் தொடங்கலாம். அன்று மட்டும் மூச்சு லேசாக இருக்கும், இதயத்துடிப்பு எகிறும். துடிப்பைப் பார்த்தே வேகத்தைக் குறையுங்கள்.