பைனரி சர்ச்: நிற்காமல் சுற்றும் லூப்பும் அந்த +1-ம்

தேதிவாரியாக அடுக்கிய பில் பட்டியலில், கேட்ட தேதியின் முதல் பில் எது என்று தேட பைத்தானில் ஒரு பைனரி சர்ச் (அடுக்கிய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே தேடும் முறை) எழுதினேன். பட்டியலின் முதல் தேதியைக் கொடுத்துப் பார்த்தேன், விடை சரியாக வந்தது. வேறு எந்தத் தேதியைக் கொடுத்தாலும் திரை அப்படியே உறைந்து நின்றது. ஒரு ராத்திரி முழுக்க இதோடு போனது.

சின்னப் பட்டியலை வைத்தே பார்ப்போம்: 3, 8, 8, 8, 15, 21, 30. முதல் 8 எங்கே? இடங்களை (இன்டெக்ஸ்) 0-இலிருந்து எண்ணுகிறோம்.

1. கீழ் = 0, மேல் = 7. மேல் 6 இல்லை, பட்டியலின் நீளம். கடைசி எண்ணுக்கு அடுத்த இடத்தில் போட்ட வேலி அது. மேல் = நீளம் - 1 என்றும் எழுதலாம், எனக்குப் பிடிக்காது; கூட்டல் கழித்தல் தவறுகள் அதில்தான் அதிகம் வரும்.

2. கீழ், மேலைவிடச் சிறியதாக இருக்கும்வரை லூப். நடு = இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து, மீதியை விட்டுவிடுங்கள்.

3. நடுவில் உள்ள எண் 8 அல்லது அதைவிடப் பெரியது என்றால், மேல் = நடு.

4. சிறியது என்றால், கீழ் = நடு + 1.

நான் மாட்டியது நான்காவதில். 'கீழ் = நடு' என்று எழுதியிருந்தேன். ஓட்டிப் பாருங்கள்: நடு 3, அங்கே 8, மேல் 3 ஆகிறது. அடுத்து நடு 1, அங்கேயும் 8, மேல் 1. இப்போது கீழ் 0, மேல் 1, பாதி 0.5, மீதி போனால் நடு 0. அங்கே 3, சிறியது. கீழ் = நடு என்றால் கீழ் மறுபடியும் 0! எதுவுமே நகரவில்லை, லூப் காலத்துக்கும் சுற்றும். +1 போட்டால் கீழ் 1, மேல் 1, லூப் முடிகிறது. விடை இன்டெக்ஸ் 1. முதல் தேதிக்கு மட்டும் ஏன் வேலை செய்தது? அங்கே கீழ் நகர வேண்டிய தேவையே வராது.

கீழ், மேல், நடு என்ற இந்த மூன்று எண்களையும் சுற்றுக்குச் சுற்று பேப்பரில் எழுதிப் பாருங்கள். டீபக்கரைவிட (தவறு தேட உதவும் கருவி) இதில்தான் எனக்குத் தவறு கண்ணில் பட்டது. பத்து லட்சம் பில் இருந்தாலும் 20 சுற்றுதான். கை பழகியபின், நிஜ வேலைக்கு, இதே தேடலைச் செய்ய பைத்தானோடு வரும் பைசெக்ட் மாட்யூலையே எடுங்கள்.

பின்சேர்க்கை: "10-ஐத் தேடினால் 4 என்று வருகிறதே, அங்கே 15 அல்லவா இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். 10 இருந்திருந்தால் நிற்கவேண்டிய இடம் அது. 40-ஐத் தேடினால் 7 வரும், அந்த இடத்தில் எண்ணே கிடையாது. அதனால் விடை நீளத்தைவிடச் சிறியதா என்று முதலில் பாருங்கள், பிறகு அங்கே உள்ள எண் நீங்கள் கேட்டதுதானா என்று பாருங்கள்.

இன்னொருவருக்கு விடை தாறுமாறாக வந்தது. ஃபைலிலிருந்து படித்த பில் எண்களை எழுத்தாகவே அடுக்கிவிட்டு, தேடும்போது எண்ணாக ஒப்பிட்டிருக்கிறார். எழுத்து வரிசையில் "100" என்பது "20"-க்கு முன்னால் வரும். முதலில் எண்ணாக மாற்றி, பிறகு அடுக்குங்கள்.

ஜாவாவில் எழுதுபவர்களுக்கு: நடு = கீழ் + (மேல் - கீழ்) / 2 என்று எழுதுங்கள். நேராகக் கூட்டினால் தொகை 2,147,483,647-ஐத் தாண்டும்போது எதிர்மறை எண்ணாகிவிடும். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இந்தத் தவறு இருந்ததை 2006-இல், அந்த நூலகத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோஷுவா பிளாக் (Joshua Bloch) என்பவரே எழுதினார். பைத்தான் முழு எண்களுக்கு அந்த வரம்பு இல்லை.