முதல் நர்சிங் வேலை: கையில் இரண்டு ஆஃபர் வந்தால் எதை எடுப்பது?

பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்களை மருத்துவமனைகள் தேடி வந்து கூப்பிட்ட காலம் போய்விட்டது. கல்லூரிகள் பெருகிவிட்டன. ஐந்து காலியிடத்துக்கான நேர்காணலில் படிக்கட்டு வரை ஃபைலும் கையுமாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். இந்த நிலைமையில் ஓர் ஆஃபர் வந்தாலே கையெழுத்துப் போட்டுவிடத்தான் தோன்றும். நானும் அப்படித்தான் போட்டேன். அந்தக் கதை கீழே பாண்ட் (இத்தனை வருடம் விலக மாட்டேன், விலகினால் பணம் கட்டுகிறேன் என்ற ஒப்பந்தம்) பகுதியில் வருகிறது.

பதினோரு வருடமாக ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு வருடமும் தேர்வு முடிவு வந்ததும் ஜூனியர் பெண்கள் யாராவது போன் செய்து, "அக்கா, ரெண்டு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள், எதில் சேரட்டும்?" என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "ரெண்டு வருடம் கழித்து அங்கிருந்து கிளம்பும்போது உன் கையில் என்ன இருக்கும்?" இதற்குப் பதில் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு மருத்துவமனைக்கு ஒரு பக்கம்.

படி 1: பதிவு எண்

தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து எண் வாங்காமல் எந்த ஆஃபரைப் பற்றியும் பேசிப் பயனில்லை. பதிவு வரும்வரை பல இடங்களில் "ட்ரெய்னி" என்றே வைத்திருப்பார்கள். அந்த மாதங்கள் அனுபவக் கணக்கில் சேருமா, எந்தத் தேதியிலிருந்து "ஸ்டாஃப் நர்ஸ்" என்று எழுதுவார்கள் என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பெங்களூரு போன்ற வெளிமாநில ஊர்களில் படித்தவர்கள் அங்கே பதிவு செய்துவிட்டு இங்கே மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு நாளாகும், இன்றே தொடங்குங்கள்.

படி 2: சொன்ன சம்பளத்தைக் கைக்கு வரும் சம்பளமாக மாற்றுங்கள்

"மாதம் பதினெட்டாயிரம்" என்று எச்.ஆர். சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, அது சி.டி.சி.யா, மொத்தச் சம்பளமா என்பது. சி.டி.சி. என்றால் மருத்துவமனை உங்களுக்காகக் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பங்கும் அந்தப் பதினெட்டாயிரத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

போன வருடம் ஒரு ஜூனியருக்குப் போட்டுக் கொடுத்த கணக்கை அப்படியே தருகிறேன். சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனை, சி.டி.சி. 18,000. அடிப்படைச் சம்பளம் 9,000. நிர்வாகத்தின் பி.எஃப். பங்கு 12 சதவீதம், அதாவது 1,080. இ.எஸ்.ஐ.யில் நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவீதம். இரண்டும் போக அவளுடைய மொத்தச் சம்பளம் சுமார் 16,390. அதிலிருந்து அவள் பங்கு பி.எஃப். 1,080, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் சுமார் 123. கைக்கு வருவது 15,180 சொச்சம். ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் சேர்த்து 4,500 பிடிப்பார்கள். மீதி 10,680.

இன்னொன்று சொந்த ஊரில் 80 படுக்கை மருத்துவமனை, மொத்தச் சம்பளம் 14,500. அடிப்படை 8,000 என்பதால் பி.எஃப். 960, இ.எஸ்.ஐ. 109. கையில் 13,430. சாப்பாடு அம்மா கையால். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் போக்குவரத்துச் செலவும் இல்லை. பெரிய சம்பளம் சிறிய சம்பளத்தைவிட 2,750 ரூபாய் குறைவாகிவிட்டது! அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இ.எஸ்.ஐ. இல்லாத இடமென்றால் நோட்டில் சிவப்பு மையால் கோடு போடுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் மருத்துவமனையில், மாதம் 21,000 வரை வாங்குபவருக்கு அது இருந்தாக வேண்டும். மாதத்துக்கு நூறு ரூபாய் பிடித்தமாகத்தான் தெரியும். ஊசி குத்தினாலோ, பேஷண்டைத் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டாலோ, பிள்ளைப்பேறு வந்தாலோதான் அதன் அருமை தெரியும்.

ஒரு செய்தி, தெரிந்து வைத்துக்கொள்ள மட்டும். 2016-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸின் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றது. இருநூறுக்கு மேல் படுக்கை இருந்தால் அரசுச் சம்பளத்துக்கு இணையாகத் தர வேண்டும் என்றது. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது. நேர்காணலில் இதைச் சொல்லி வாதாடினால் வேலை கிடைக்காது. ஆனால் உங்கள் உழைப்பின் விலை இவர்கள் சொல்வதுதான் என்று நம்பிவிடாதிருக்க இது உதவும்.

படி 3: இரவு டியூட்டிக் கணக்கு

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்; புதியவர்கள் யாரும் கேட்காத கேள்வியும் இதுதான். இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல்படி, பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், கல்லூரியுடன் இணைந்த மருத்துவமனையில் மூன்றுக்கு ஒருவர், ஐ.சி.யூ.வில் ஒருவருக்கு ஒருவர். நடைமுறை வேறு என்பது உங்களுக்குத் தெரியும். எவ்வளவு வேறு என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எச்.ஆரிடம் "ரேஷியோ என்ன?" என்று கேட்காதீர்கள். சுவரில் மாட்டியிருப்பதைப் படித்துச் சொல்வார்கள். இரவு டியூட்டி முடியும் நேரத்தில், காலை ஏழரை மணி வாக்கில், மருத்துவமனை கேன்டீனுக்குப் போங்கள். இரவு டியூட்டி முடித்த சிஸ்டர்கள் டீ குடிக்க வருவார்கள். "சிஸ்டர், எனக்கு இங்கே ஆஃபர் வந்திருக்கிறது. நேற்று ராத்திரி உங்கள் வார்டில் எத்தனை பேஷண்ட், எத்தனை பேர் டியூட்டி?" என்று கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். நேற்று ராத்திரியைக் கேட்டால் எண் வரும். "இருபத்திரண்டு பேஷண்ட், நானும் ஒரு ட்ரெய்னியும்" என்று ஒருவர் சொன்னால், அந்த ட்ரெய்னி அடுத்த மாதம் நீங்கள்தான்.

அவரிடமே இன்னும் இரண்டைக் கேட்டுவிடுங்கள். பன்னிரண்டு மணி நேர இரவு டியூட்டி தொடர்ந்து எத்தனை நாள் வரும், அது முடிந்ததும் நைட் ஆஃப் உண்மையிலேயே கிடைக்கிறதா? எழுந்து போகும்போது அவர் நடையைப் பாருங்கள். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. எட்டு மாதம் வேலை பார்த்தவர் எண்பது வயதுக்காரரைப் போல் நடந்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

படி 4: யார் கற்றுக்கொடுப்பார்கள்?

சேர்ந்த முதல் நாளே தனியாக வார்டைக் கொடுக்கும் இடத்தில் பயம்தான் வளரும், வேலை வளராது. ஒரு சீனியரோடு சேர்த்துவிடுவார்களா, எத்தனை வாரம் என்று நேர்காணலிலேயே கேட்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நான்கு வாரத்துக்குக் குறைந்தால் எனக்கு ஒப்புதலில்லை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுவார்களா, ஊசி குத்திவிட்டால் யாரிடம் ஓட வேண்டும் என்பதையும் கேளுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும் என்று படித்திருப்பீர்கள். இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் வரும் இடம் நல்ல இடம்.

படி 5: பாண்ட், அசல் சான்றிதழ்

என் முதல் வேலை தென்மாவட்டத்தில் அறுபது படுக்கை மருத்துவமனை ஒன்றில். இரண்டு வருட பாண்ட், அசல் மதிப்பெண் பட்டியலும் பட்டமும் அவர்கள் பீரோவில். கொடுத்தபோது ரசீதுகூடக் கேட்கவில்லை. பதினான்காவது மாதம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. வேலையை விட வேண்டியதாயிற்று. ஐம்பதாயிரம் கட்டிவிட்டு எடுத்துப்போகச் சொன்னார்கள். அத்தான் மூன்று மாதம் நடையாய் நடந்து பேசி, பதினைந்தாயிரத்துக்கு முடித்தார். அதற்குள் நல்ல நேர்காணல் ஒன்று கைநழுவிப் போனது, காட்ட அசல் இல்லை என்பதால்.

அதனால் அழுத்திச் சொல்கிறேன்: அசலைச் சரிபார்க்கக் காட்டுங்கள், விட்டுவிட்டு வராதீர்கள். அது உங்கள் சொத்து, அடகுப் பொருளல்ல. "இங்கே எல்லாரும் கொடுத்திருக்கிறார்கள்" என்பது காரணமாகாது. வேறு வழியே இல்லை, கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு தாளின் பெயரும் எண்ணும் எழுதி, முத்திரையுடன் ரசீது வாங்குங்கள்.

பாண்ட் வேறு விஷயம். "அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது, தைரியமாகப் போடு" என்று சீனியர்கள் சொல்வார்கள். அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. 2025-இல் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே சமயம், ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டுக்கு மேல் வாங்க இடம் தருவதில்லை. ஆகவே தொகை எவ்வளவு, மாதம் செல்லச் செல்லக் குறையுமா, அதற்கு ஈடாக என்ன பயிற்சி தருகிறார்கள் என்று பாருங்கள். ஒரு வருட பாண்ட், ஐ.சி.யூ. பயிற்சியோடு என்றால் நான் போடுவேன். பயிற்சியும் இல்லாமல் இரண்டு வருடம், ஒரு லட்சம் என்றால் போட மாட்டேன்.

படி 6: கிளம்பும்போது கிடைக்கும் தாள்

அனுபவச் சான்றிதழின் மாதிரி ஒன்றை அங்கே முன்பு வேலை பார்த்த யாரிடமாவது வாங்கிப் பாருங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, எந்தப் பிரிவு, மருத்துவமனைக்கு எத்தனை படுக்கை, இவை இருக்க வேண்டும். வளைகுடா நாடுகளுக்குப் போகும்போது டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்பு நிறுவனம் மருத்துவமனையிடமே நேரடியாகக் கேட்கும். அப்போது அங்கே பதில் போட ஆளில்லை என்றால் நீங்கள் உழைத்த வருடங்கள் காற்றோடு போகும். டிப்ளமா நர்சிங் படித்தவர்கள் எய்ம்ஸ் தன் நர்ஸ் வேலைகளுக்கு நடத்தும் நார்செட் தேர்வு எழுத, ஐம்பது படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். முப்பது படுக்கை நர்சிங் ஹோமில் எத்தனை வருடம் இருந்தாலும் அதற்கு உதவாது.

சவூதி, குவைத் போன்ற பதினெட்டு நாடுகளுக்கு நர்ஸ்களை அனுப்பும் வேலையை 2015-இல் மத்திய அரசு அரசு நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. நம் மாநிலத்தில் அது அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். இந்த நாடுகளுக்கு "ரெண்டு லட்சம் கொடு, விசா ரெடி" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

படி 7: அரசு வேலைக்குக் காத்திருக்கலாமா?

வீட்டில் சும்மா இருந்து காத்திருக்காதீர்கள், அவ்வளவுதான். எம்.ஆர்.பி. (மாநில அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி 2015-இல் தேர்வானவர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். நிரந்தரத்துக்காகப் பல வருடம் போராடினார்கள். தேர்வு நாளுக்கு விடுப்பு தருவார்களா என்று மட்டும் ஆஃபர் கொடுப்பவரிடம் கேட்டுக்கொண்டு, வேலையில் இருந்தபடியே படியுங்கள்.

படி 8: பதில் சொல்வது

இப்போது நோட்டின் இரண்டு பக்கங்களையும் அருகருகே வையுங்கள். நான் கணக்குப் போட்டுக் கொடுத்த ஜூனியர் எதை எடுத்தாள் தெரியுமா? சென்னையை. மாதம் 2,750 குறைவு. ஆனால் அங்கே கேன்டீனில் அவள் விசாரித்த சிஸ்டர் சொன்ன எண், இரண்டு பேஷண்டுக்கு ஒருவர், அதுவும் ஐ.சி.யூ.வில். சொந்த ஊர் மருத்துவமனையில் இரவு முழு மாடிக்கும் ஒரே நர்ஸ். அப்பாவின் கடனை உடனே அடைக்க வேண்டிய நிலையில் இருந்திருந்தால் ஊரையே எடு என்றுதான் சொல்லியிருப்பேன். அதில் தப்பொன்றும் இல்லை.

முடிவெடுக்க நாள் வேண்டுமென்றால் கேட்கக் கூச்சப்படாதீர்கள். "சார், ஆஃபருக்கு மிக்க நன்றி. வீட்டில் பேசிவிட்டு வியாழக்கிழமை மாலைக்குள் உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்" என்றால் போதும். நாளைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். "யோசித்துச் சொல்கிறேன்" என்றால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். வேண்டாம் என்று முடிவு செய்த இடத்துக்கும் போன் செய்து சொல்லிவிடுங்கள். நர்சிங் சூப்பரின்டெண்டென்ட்கள் ஒருவரையொருவர் நன்றாக அறிவார்கள்.

சேரும் நாளன்று பணி நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகே கையெழுத்து. வாயால் ஒப்புக்கொண்ட சம்பளம், பிரிவு, பாண்ட் தொகை எல்லாம் அதில் அப்படியே இருக்கின்றனவா என்று ஒரு வரி விடாமல் படியுங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கட்டும். கையெழுத்திட்ட ஒவ்வொரு பக்கத்தையும் அங்கேயே போனில் படமெடுத்து, வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டு வார்டுக்குப் போங்கள்.