அலாரம் 'வென்ட் ஆஃப்' ஆன ராத்திரி

மன்னார்குடிப் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் கணக்கு எழுதுகிறேன். முதலாளியின் மகன் லண்டனில் இருந்தபடியே கேமரா, அலாரம் எல்லாவற்றையும் போனில் பார்ப்பார். ஒருநாள் ராத்திரி அவரிடமிருந்து மெசேஜ்: "கோடவுன் அலாரம் வென்ட் ஆஃப்." ஆஃப் என்றால் நின்றுவிட்டது, அவ்வளவுதானே? "சரி தம்பி, காலையில் எலக்ட்ரீஷியனை வரச் சொல்கிறேன்" என்று பதில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். அங்கே அலாரம் அலறிக்கொண்டிருந்தது! நல்லவேளை, உள்ளே நுழைந்தது பெருச்சாளி. நெல் மூட்டை இரண்டைக் கடித்ததோடு சரி.

அப்புறம் டிக்‌ஷனரியில் 'கோ ஆஃப்' பார்த்தால் அத்தனை அர்த்தம். மனப்பாடம் செய்தேன், மூன்றாம் நாள் மறந்தது. வழி காட்டியது நம் தமிழ்தான். மணி அடிக்கிறது, வெயில் அடிக்கிறது, சுவருக்கு பெயிண்ட் அடிக்கிறோம், வயலுக்கு மருந்து அடிக்கிறோம், பரீட்சையில் காப்பி அடிக்கிறோம். 'அடி'க்குப் பட்டியல் வைத்தா படித்தோம்? கூட வரும் சொல்தான் பொருளைச் சொல்லிவிடுகிறது.

அதே கணக்கை இங்கேயும் போட்டேன். அலாரம் 'கோ ஆஃப்' என்றால் அலறும். குண்டு என்றால் வெடிக்கும். லைட் என்றால் அணையும், நான் நினைத்த மாதிரி. பால் என்றால் கெட்டுப்போகும். இது பிரிட்டிஷ்காரர்கள் பேச்சு. கல்யாணம் 'வென்ட் ஆஃப் வெல்' என்றால் நல்லபடியாக நடந்தது. 'ஐ வென்ட் ஆஃப் காபி' என்றால் காபி பிடிக்காமல் போய்விட்டதாம் (கும்பகோணம் பக்கம் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை).

இப்போதெல்லாம் 'ஆஃப்' கண்ணில் பட்டால், கூட வருவது என்ன சொல் என்றுதான் முதலில் பார்க்கிறேன். தம்பியும் பாவம், "அலாரம் அடிக்குது" என்றே அனுப்புகிறார்.